பில்லூர்த் தண்ணி

கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதலில் கேட்பது, "சிறுவாணியா, பில்லூரா?" என்றுதான். சிறுவாணி என்றால் முகம் மலரும். எங்கள் தெருவுக்கு வருவது பில்லூர் அணைத் தண்ணீர். பதினைந்து வருஷமாக ஒரு மனக்குறையோடுதான் குடித்து வந்தோம்.

போன தை மாதம் அந்தத் தண்ணீரை அதன் ஊரிலேயே போய்ப் பார்த்தோம். காரமடை, வெள்ளியங்காடு தாண்டி மலைப்பாதை. வனத்துறையின் ஏற்பாடு: பகலில் பரளிக்காட்டில் பரிசல், இரவில் பூச்சமரத்தூரில் பவானிக் கரையோரக் குடில். முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பரிசலில் ஏறுவது ஒரு வித்தை. எனக்கு அது கைவரவில்லை. விளிம்பில் மிதித்துவிட்டேன். ஒரு பக்கம் சாய்ந்து அரை வாளித் தண்ணீர் உள்ளே வந்தது. "நடுவால கால வைங்க சார், எந்திரிக்காதீங்க" என்றார் பரிசல்காரர். பக்கத்து மலைக்கிராமத்து இருளர். ஒற்றைத் துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்துப் போனார். அவர் கை ஓய்ந்தால் பரிசல் ஆட்டுக்கல் குழவி போல நின்ற இடத்திலேயே சுற்றியது.

பில்லூருக்குத் தண்ணீர் தரும் பவானி விசித்திரமான ஆறு. நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் போய், முக்காலியில் திரும்பி மறுபடி இங்கேயே வருகிறது. கேரளத்து 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றுதான். அதில் இது ஒன்று.

"எந்த ஊருங்க?" என்று கேட்டார் பரிசல்காரர். சொன்னேன். "அப்ப நாங்க குளிச்ச தண்ணியத்தான் நீங்க குடிக்கிறீங்க" என்று சிரித்தார். எனக்கு உடனே சிரிக்க வரவில்லை.

என் மகள் கூடாரம், கேம்ப் ஃபயர் என்றெல்லாம் கனவோடு வந்திருந்தாள். பொழுது சாய்ந்ததும், "வெளிய வராதீங்க, ஆனை தண்ணிக்கு வரும்" என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்துக் குடிலில் ஒரு கூட்டம் ஸ்பீக்கரில் பாட்டு வைத்தது. காவலர் வந்து ஒரு அதட்டுப் போட்ட பிறகு ஆறு மட்டும் கேட்டது. மோட்டார் ஓடும் சத்தத்திலும் தூங்கிப் பழகிய எனக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் பிடிக்கவில்லை.

விடிந்து பார்த்தால் குடிலிலிருந்து இருபதடி தூரத்தில் யானை லத்தி. ஆவி அடங்கவில்லை, உள்ளே மூங்கில் நார் நாராகத் தெரிந்தது. மகள் அதன் பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடாரப் பேச்சை எடுக்கவே இல்லை.

கிளம்புவதற்கு முன் ஆற்றில் இறங்கிக் குளித்தோம். சோப்புப் போடவில்லை.