மனித இயல்பு என்றொரு சாக்கு

சமூகப்பணியில் சம்பளத்தைவிடத் தாராளமாகக் கிடைக்கிற பொருள் ஒன்று உண்டு தோழர்களே: தத்துவம். டீக்கடை பெஞ்சிலிருந்து தாலுகா அலுவலக வராண்டா வரை எங்களைப் பார்க்கிறவர்கள் வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் அனுப்புவதில்லை. பெரும்பாலும் எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான்: "மனுசன் குணமே அப்படித்தாங்க. இதெல்லாம் மாத்த முடியாது."

நாங்கள் சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு வட மாவட்டக் கிராமங்களில் பத்து வருடத்துக்கு மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறவர்கள். சமீபகாலமாக அதே வார்த்தையை எங்களோடு களத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். "விடுங்கக்கா, மனுசங்களே இப்படித்தான்." அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அந்த மனித குணம் எப்படித்தான் இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மனிதர்கள் இயல்பிலேயே தெரிந்துகொள்ளும் ஆர்வம் உள்ளவர்கள் என்கிறார்கள். சந்தேகமே இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "எந்த ஊரு?" என்பார். ஊரைச் சொன்னால் "அங்க எந்தத் தெரு?" தெருவைச் சொல்லத் தயங்கினால் "மாரியம்மன் கோயிலுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?" அதற்கும் மழுப்பினால் "குலதெய்வம் எது?" செயற்கைக்கோள் இல்லாமல், பேட்டரி இல்லாமல், ஒரு மனிதனை இத்தனை துல்லியமாக இடம் கண்டுபிடிக்கும் கருவி உலகத்தில் வேறெங்கும் இருக்காது. விடை கிடைத்ததும் அந்த ஆர்வம் சட்டென்று அடங்கிவிடும். மீதிப் பயணம் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வாடகைக்கு வீடு தேடினால் "நீங்க நான்வெஜ்ஜா?" என்பார்கள். இது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி என்று நம்பிப் பதில் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்களிடம் அப்படிக் கேட்ட ஒருவர் வீட்டுக் கொல்லையில் அப்போதுதான் ஆட்டுத்தலை கருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையோடுதான் நாங்கள் படியிறங்கினோம்.

டீக்கடையில் இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டதா என்று கேட்டால் பல ஊர்களில் ஒழிந்துவிட்டது என்றே சொல்லலாம். பேப்பர் கப் வந்துவிட்டது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் அது வியாபாரம். ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளரும் காலனிக்காரருக்குப் பேப்பர் கப்பும் என்றால் அதற்குப் பெயர் சுகாதாரம். தீண்டாமையை அரசியல் சட்டம் 17வது பிரிவில் ஒழித்தது. அதை யூஸ் அண்ட் த்ரோ வடிவத்தில் மறுபடி கொண்டுவந்தது நம்முடைய தொழில்முனைவு.

சரி, காதலுக்கு வருவோம்.

கல்லூரிக் காதலுக்கு ஒரு பாடத்திட்டம் உண்டு. முதலாம் ஆண்டில் "சாதியா? அப்படின்னா என்ன?" இரண்டாம் ஆண்டில் "எங்க வீட்ல கொஞ்சம் பார்ப்பாங்க, நான் பேசிக்கறேன்." மூன்றாம் ஆண்டில் "அண்ணனுக்கு முதல்ல முடியட்டும்." கடைசி செமஸ்டரில் "அப்பா ஹார்ட் பேஷன்ட்."

இந்த அப்பாக்களின் இதயத்தைப் பற்றி மருத்துவர்கள் யாராவது ஆராய வேண்டும். வட்டிக்குக் கொடுத்து வாங்கும்போதும், வரப்புத் தகராறில் மண்வெட்டியைத் தூக்கும்போதும், தேர்தல் நேரத்தில் இரவெல்லாம் கத்தும்போதும் கல் மாதிரி இருக்கிற இதயம், மகளின் போனில் ஒரு பெயரைப் பார்த்ததும் நின்றுபோகப் பார்க்கிறது. அதிலும் எல்லாப் பெயருக்கும் நிற்பதில்லை. சில தெருக்களின் பெயர்களுக்கு மட்டும்தான்.

கல்யாணச் சந்தையில் முற்போக்கு வேறு வந்துவிட்டது. "சாதி தடையில்லை" என்று விளம்பரம் கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் "எஸ்.சி., எஸ்.டி. தவிர". ஊருக்கு வெளியே குடிவைத்தவர்களை வாக்கியத்துக்கு வெளியேயும் குடிவைக்கத் தெரிந்த மொழிப்புலமை இது.

மற்றவர்களைச் சொல்லிக்கொண்டே போனால் நம் தெரு கைதட்டும். நம் தெருவையும் சொல்லிவிடுவோம். மேடையில் அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டு இறங்கியவர், தன் மகன் ஓர் அருந்ததியர் வீட்டுப் பெண்ணை விரும்புகிறான் என்று தெரிந்ததும் "எல்லாம் சரி, நம்ம ஜனம் என்ன சொல்லும்?" என்று எங்களிடமே கேட்டார். இரவெல்லாம் சாதி ஒழிப்பு ஸ்டேட்டஸ் போடும் இளைஞர், "நான் ஒண்ணும் கேக்கல, அவங்களா பைக் வாங்கிக் குடுத்தாங்க" என்று கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறார். மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஒருவனைக் கீழே வைத்துக் கொடுப்பதுதான் இந்தப் படிக்கட்டின் தொழில்நுட்பம். அண்ணல் அதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார். நம் ஆட்கள் அதை "நம்ம ஜனம்" என்று சுருக்கிவிட்டார்கள்.

இங்கே சிரிப்பை நிறுத்திக்கொள்ளலாம்.

"படி, மேல வா, மதிப்பாங்க" என்றுதான் நம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சொல்லி வளர்க்கிறோம். 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் காதல் மனைவி கண்ணகியோடு சேர்த்து விஷம் கொடுத்துக் கொல்லப்பட்ட முருகேசன் பொறியியல் பட்டதாரி. 2015இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் பொறியியல் படித்தவர். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டப்பட்ட சங்கர் பொறியியல் மாணவர். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் வெட்டப்பட்ட கவின் மென்பொருள் பொறியாளர். படித்தால் மதிப்பார்கள் என்று நாம் நம்பினோம். படித்து, நன்றாக உடுத்தி, சமமாக நின்று பேசியதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. முருகேசன் கண்ணகி வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கே 18 ஆண்டுகள் ஆயின.

சாதி மறுத்து மணப்பவர்களுக்குத் தமிழக அரசு உதவித்தொகை கொடுக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 25,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும். பட்டமோ பட்டயமோ படித்திருந்தால் 50,000 ரூபாய். படித்தவருக்கு அரசு இரட்டிப்பாகக் கொடுக்கிறது. அரிவாளும் படித்தவரைத்தான் முதலில் தேடுகிறது. திட்டத்தின் பெயரிலோ இன்னும் "கலப்புத் திருமணம்"தான், ஏதோ பாலில் தண்ணீர் கலந்த மாதிரி.

ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் எங்கள் கூட்டங்களுக்கு வரும் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் குறைந்துவிடுவார்கள். போன் செய்தால் அதே வார்த்தைதான்: "மனுசங்களே இப்படித்தான்." அவர்களுக்குத்தான் இனி வருவதைச் சொல்கிறோம்.

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவர் ஒருவர் கருத்தரங்கில் ஒரு கட்டுரை வாசித்தார். "இந்தியாவில் சாதிகள்" என்பது அதன் தலைப்பு, பீமராவ் அம்பேத்கர் என்பது அவர் பெயர். உங்கள் வயதுதான். சாதியின் சாரம் அகமணம், அதாவது தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிப்பது என்றார். இந்த மண்ணில் முன்பிருந்த வழக்கம் தன் குழுவுக்கு வெளியே மணப்பதுதான், அதன் மீதுதான் அகமணம் கொண்டுவந்து ஏற்றப்பட்டது என்றார். அப்படி ஏற்றியது நிற்க வேண்டுமென்றால் முட்டுக்கொடுக்க வேண்டும். கணவன் செத்தால் மனைவியை எரிப்பது, எரிக்காவிட்டால் மறுமணமில்லாமல் மூலையில் உட்காரவைப்பது, பெண் மனதில் ஆசை முளைப்பதற்கு முன்பே சிறுமியாகக் கட்டிக்கொடுப்பது. இவையெல்லாம் அந்த முட்டுகள் என்று விளக்கினார்.

அன்றைய முட்டுகளில் பலவற்றைச் சட்டம் எடுத்துவிட்டது. உடனே புது முட்டுகள் வந்துவிட்டன. இன்றைக்கு ஓர் ஊரில் சாதி நிற்பதற்கு எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தெரு கேட்கிற பஸ் பயணி, நான்வெஜ் கேட்கிற வீட்டுக்காரர், கல்யாணத் தரகர், உட்பிரிவு வரை வடிகட்டித் தரும் மேட்ரிமோனி தளம், யாரோடு யார் வண்டியில் போனார்கள் என்று சேதி சொல்லும் மளிகைக்கடைக்காரர், அதைப் போட்டோ எடுத்து அனுப்பும் வாட்ஸப் குழு, கையில் கயிறு கட்டி வருகிற பையன்கள், பஞ்சாயத்துப் பேசும் பெரியவர், புகார் கொடுக்கப் போனால் "பொண்ணை வீட்டோட அனுப்பிடுங்க" என்று அறிவுரை சொல்லும் காவலர், இத்தனைக்கும் மேல் அரிவாள். மூன்று ஷிப்டிலும் ஆள் போட்டு ஓட்டுகிற ஆலை மாதிரி இது.

இத்தனை காவல் போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும் என்றால் அது எப்படி இயல்பாகும்? பசிக்கு யாரும் காவல் போடுவதில்லை. தூக்கத்துக்குச் சங்கம் வைப்பதில்லை. காதலும் அப்படித்தான். பனியன் கம்பெனியில், போட்டித்தேர்வுப் பயிற்சி மையத்தில், தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸில், தரகரும் ஜாதகமும் இல்லாமல் தன்பாட்டுக்கு அது வந்துகொண்டே இருக்கிறது. இந்த நாட்டில் நடக்கும் திருமணங்களில் சாதி தாண்டியவை நூற்றுக்கு ஐந்தாறு என்கிற அளவில்தான் ஆய்வுகள் சொல்கின்றன. அவநம்பிக்கைக்காரர்கள் அதைக் காட்டி "பார்த்தீங்களா?" என்பார்கள். நாங்களும் அதையேதான் காட்டுகிறோம். மீதித் தொண்ணூற்றுச் சொச்சத்தைக் கட்டிக்காக்க இத்தனை பேர் ராப்பகலாய் உழைக்க வேண்டியிருக்கிறதே!

எங்கள் உதவியோடு மணம் முடித்த ஒரு ஜோடிக்கு அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. மகள் செத்துவிட்டாள் என்று பெண் வீட்டார் ஏற்கெனவே தலைமுழுகியிருந்தார்கள். பிரசவமாகி எட்டாம் நாள், சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓர் அம்மா எங்களைத் தேடி வந்தார். வீட்டில் கண் பரிசோதனை முகாமுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிரசவ லேகியம். "எங்க இருக்கா, காட்டும்மா" என்றார். காலனிக்குக் கூட்டிப்போனோம். ஒரு மணி நேரம் பேரனை மடியிலிருந்து இறக்கவில்லை. சம்பந்தியம்மா கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடவில்லை. பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி கண் முகாம் வந்தது. இந்த முறை அவர் தண்ணீர் பாட்டில் கொண்டுவரவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டாம் என்று விட்டுவிட்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்று குறை சொன்னார். சம்பந்தியம்மா அன்றைக்கு முழுக்க அந்தக் குறையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவைத் தியாகி ஆக்க வேண்டாம். ஊருக்குள் அவர் இன்றைக்கும் அந்தக் குழந்தையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் மனித இயல்பு எது என்று யாராவது கேட்டால் எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: பேரனைத் தூக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தண்ணீரைத் தொடாமலிருக்க வாழ்நாளெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகளே, சந்தேகப்படுங்கள், கிண்டல் செய்யுங்கள், அதெல்லாம் உடம்புக்கு நல்லது. "இயல்பு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தை அரிவாளுக்குச் சாணை பிடித்துக் கொடுக்கிறது.

அதற்குப் பதிலாக இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1967இல் தமிழகம் கொண்டுவந்த திருத்தப்படி இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவில் சுயமரியாதைத் திருமணம் செல்லும். புரோகிதர் வேண்டாம். மண்டபம் வேண்டாம். உறவோ நட்போ சாட்சியாக இருக்க, ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். பிறகு பதிவு செய்துவிட வேண்டும். மதம் வேறென்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள். தேடி அலையும் மாமன் மச்சானுக்கு அரசு செய்யும் சிறு உபகாரம் அது, அதனால் அந்த 30 நாள் எங்கே தங்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். சாதி மறுப்பு இணையர்களுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும், பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் அது எந்தக் கட்டடத்தில், எந்த அறையில் இருக்கிறது என்று போய்க் கேளுங்கள். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று உங்களையே திருப்பிக் கேட்டால், மனு எழுத ஒரு வெள்ளைத்தாள் வாங்கி வாருங்கள். பேனா எங்களிடம் இருக்கிறது.