பின் ஸ்பீக்கர் பாடேல்லையோ?

1995 இல ‘குருதிப்புனல்’ படம் டொல்பி ஒலியோட வந்தபோது வன்னியில கரண்டே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் றேடியோ கேட்டம்.

இப்ப கிளிநொச்சியில கன வீட்டில ஹோம் தியேட்டர் நிக்குது. கொம்பியூட்டரின்ர பச்சை ஓட்டையில ஒரு வயரைக் குத்திப்போட்டு, பின் ஸ்பீக்கர் பாடேல்லை எண்டு கவலைப்படுகினம். அந்த வயரில வாறது இடம், வலம் எண்டு ரெண்டு சத்தம்தான்.

பின் ஸ்பீக்கரும் சேர்ந்து பாடுற 5.1 சத்தம் வேணுமெண்டால் எச்.டி.எம்.ஐ வயரில குடுங்கோ. விண்டோஸ் சவுண்ட் செற்றிங்கிலயும் 5.1 எண்டு மாத்துங்கோ. ஹோம் தியேட்டர் செற்றில எச்.டி.எம்.ஐ இன்புட் இல்லாட்டி, 5.1 இன்புட் இருக்கோ பாருங்கோ. இருந்தால் மூண்டு வயர் இழுக்கலாம்: பச்சை முன்னுக்கு, கறுப்பு பின்னுக்கு, செம்மஞ்சள் நடு ஸ்பீக்கருக்கும் பேஸுக்கும். படமும் 5.1 இல பதிஞ்சதா இருக்கோணும்.

புதுச் செற்றுக்குக் காசைக் கொட்ட முதல் வயரை மாத்திப் பாருங்கோ.