பூட்டு ஊரில் ஒரு புதுப் பூட்டு!

திண்டுக்கல் என்றதும் இன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணிதான் ஞாபகம் வருகிறது. தப்பில்லை. ஆனால் உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். "திண்டுக்கல்லா? பூட்டு!" என்பார். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பீரோவிலிருந்து கோயில் கதவு வரைக்கும் ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பூட்டுதான் காவல்.

மலைக்கோட்டையைக் கீழே நின்றபடியே அண்ணாந்து தரிசித்துவிட்டு (முழங்கால் வாழ்க!) நாகல்நகர் பக்கம் நடந்தேன். இந்தப் பக்கமும், சுற்றியுள்ள நல்லாம்பட்டி போன்ற ஊர்களும்தான் பூட்டுத் தொழிலுக்குப் பேர் போனவை. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு அரம் உரசும் சத்தம் கேட்குமாம். இப்போது தேடித்தான் போகவேண்டியிருக்கிறது. அலிகாரிலிருந்து மிஷினில் செய்த பூட்டு மலிவாக வந்து இறங்கியது. கையால் செய்யும் பூட்டு விலையில் அதோடு மல்லுக்கு நிற்க முடியுமா?

2019-ஆம் வருஷம் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை 'திண்டுக்கல் பூட்டு' என்று சொல்லி விற்கக்கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது. பட்டம் வந்துவிட்டது. பட்டறைக்குத்தான் ஆள் வரவில்லை!

ஒரு சந்துக்குள் பத்துக்குப் பத்தில் ஒரு பட்டறை. வைஸில் மாங்காய் வடிவப் பூட்டு ஒன்றைக் கவ்வ வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் ராவிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, சாவி தொலைஞ்சு போச்சா?"

"இல்லைங்கய்யா, சும்மா பார்க்க வந்தேன்."

"சும்மா பார்க்க வர்ற மொத ஆளு நீங்கதான். உக்காருங்க."

பூட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே அடுக்கடுக்காகச் சின்னத் தகடுகள். இவைதான் லீவர். ஆறு லீவர், எட்டு லீவர் என்று கடையில் சொல்கிறார்களே, அது இந்தத் தகடுகளின் எண்ணிக்கை. சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகட்டின் வெட்டும் ஒரே கோட்டில் வந்தால்தான் பூட்டின் நாக்கு நகரும். ஒரு தகடு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும்... ஊஹூம்!

"அப்போ இதை யாராலும் திறக்க முடியாதா?"

சிரித்தார். "மனுஷன் பூட்டினதை மனுஷன் தொறக்க மாட்டானா? என்ன, நேரம் ஆகும்."

உண்மைதான். லண்டனில் பிராமா என்பவரின் பூட்டு ஒன்று, 'திறப்பவருக்கு 200 கினி பரிசு' என்ற சவாலோடு பல வருஷம் கடை ஜன்னலில் தொங்கியது. 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் மொத்தம் 51 மணி நேரம் மல்லாடித் திறந்தே விட்டார்!

பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவரின் போன் அடித்தது. ஊருக்கு வெளியே புது ஃப்ளாட். ஸ்மார்ட் லாக் மக்கர். "வர்றீங்களா தம்பி?" என்றார். கேட்கவா வேண்டும்!

ஃப்ளாட் வாசலில் கணவன், மனைவி, காய்கறிப் பை மூன்றும் காத்திருந்தன. "கம்பெனிக்கு போன் பண்ணினோம் பெரியவரே. ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துங்கறாங்க. ஆளு திங்கட்கிழமைதான் வருவாராம்" என்றார் கணவர். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

பெரியவர் பூட்டைப் பார்க்கவே இல்லை. கதவைத்தான் பார்த்தார். மேல் மூலையில் விரலை ஓட்டினார். "நம்பரை அழுத்துங்க சார்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தன் பக்கம் ஓர் இழு இழுத்தார். 'கிர்ர்...' கதவு திறந்துவிட்டது!

விஷயம் இதுதான். ஐப்பசி மழையில் மரக்கதவு ஊதியிருந்தது. நாக்கு நிலையிலுள்ள துளையின் விளிம்பில் உரசி இறுகிக்கொண்டது. உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் பாவம், இழுத்து இழுத்துப் பேட்டரியையும் தின்றுவிட்டது. பெரியவர் உளியை எடுத்துத் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, தகட்டை நகர்த்திப் பொருத்தினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. "பூட்டுல ஒரு கோளாறும் இல்ல. கதவுக்குத்தான் சளி புடிச்சிருக்கு!"

அந்த அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "ஐயா, நீங்களே ஒருதரம் விரலை வெச்சுப் பாருங்களேன். உங்க ரேகையையும் பதிஞ்சு டெஸ்ட் பண்ணிடலாம்."

பெரியவர் கட்டை விரலை வைத்தார். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல். சிவப்பு விளக்கு. பத்து விரலும் முடிந்தது. அரம் பிடித்தே நாற்பது வருஷம் ஓடிய கை. ரேகை என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை.

"ரேஷன் கடை மிஷினும் இதையேதாம்மா சொல்லுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ வீட்டுக்குக் காவல் செய்து கொடுத்த கையை ஒரு பூட்டு 'நீ யார்?' என்று கேட்கிறது.

திரும்பும் வழியில், "பையன் இந்தத் தொழிலுக்கு வரலையா?" என்றேன். "திருப்பூருல பனியன் கம்பெனி. மாசம் பொறந்தா சம்பளம். அவனைக் குத்தம் சொல்ல முடியுமா?" என்றார். வேலையைச் சொல்லிக் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார். கற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

ஸ்மார்ட் லாக் வாங்கப் போகிறவர்களுக்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். வாங்குவதற்கு முன்னாலேயே கதவின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். எல்லாப் பூட்டும் எல்லாக் கதவுக்கும் உட்காராது. அவசரச் சாவி கொடுப்பார்கள். அதை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்காதீர்கள். நம்பிக்கையான உறவுக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பேட்டரி அடியோடு செத்துவிட்டால், பல மாடல்களில் வெளிப்பக்கம் 9 வோல்ட் பேட்டரியைத் தொட வைத்து உயிர் கொடுக்க வழி இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பூட்டு மாட்ட ஆள் தேடும்போது? உங்கள் தெருவில் ஹார்டுவேர் கடைக்காரரைக் கேளுங்கள், தச்சரைக் கேளுங்கள். வருகிறவர், "வீடு உங்களுதா? பக்கத்து வீட்டுக்காரர் யாராச்சும் வந்து சொல்லட்டும்" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அப்படிக் கேட்கிறவர்தான் நல்ல ஆள். கேட்காமல் திறப்பவர் நாளைக்கு வேறு யாருக்காகவும் கேட்காமல் திறப்பார்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஃப்ளாட்டில் வேலை முடிந்ததும், "பேட்டரி புதுசு போட்டாச்சு. ரகசிய நம்பரையும் மாத்திருங்க சார்" என்று சொன்ன பெரியவர், கூலியை வாங்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"பரவாயில்லை பெரியவரே, நீங்கதானே!" என்றார் கணவர்.

"நானா இருந்தாலும்தான் சார். அடுத்தவங்க சாவி நமக்கு எதுக்கு?"

'பீப்... பீப்...' என்று ஆறு தடவை சத்தம் கேட்டு அடங்கியது. அதற்கப்புறம்தான் திரும்பினார்.