சும்மா பார்க்கப் போன கோட்டை

எங்க அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயசாகிறது. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்து, ஐந்து மைல் தள்ளி இன்னொரு காலனியில் வாழ்க்கைப்பட்டவள். சின்ன வயசிலிருந்து செஞ்சி மலைகளில் விறகு பொறுக்கியிருக்கிறாள். ஆனால் செஞ்சிக்கோட்டையைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். "வெறகுக்குப் போனவ சுள்ளியப் பாப்பாளா, ராசா கட்டின செவுத்தப் பாப்பாளா? கோட்ட பாக்கறதெல்லாம் சோறு தின்னுட்டு சும்மா இருக்கறவங்க வேல." அந்தக் கோட்டையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி என்று பெரிய மலைகளுக்குப் பெயர். ஓரமாகக் கிடக்கும் சின்ன மலை ஒன்றுக்குச் சக்கிலித் துர்க்கம் என்று பெயர். மலையைக்கூட ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். மதிலை முற்றுகை இடுகிறவன் சூடுவது உழிஞை, உள்ளே இருந்து காக்கிறவன் சூடுவது நொச்சி என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். மதிலைக் கட்டியவன் என்ன பூச் சூடினான் என்று வாத்தியார் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கு வந்தது ரொம்பப் பின்னால், மராத்திய மண்ணில் ஒரு கோட்டை மீது ஏறும்போதுதான்.

போன டிசம்பரில் தலித் பெண்கள் கூட்டம் ஒன்றுக்காக ஔரங்காபாத் போனேன். 2023 முதல் அந்த ஊருக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் சத்ரபதி சம்பாஜிநகர். அம்மாவைத் தனியாக விட முடியாமல் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். செகந்திராபாத்தில் வண்டி மாறினோம். ஐந்து லிட்டர் கேனில் ஊர்த் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்டேஷனில் வாங்கிக்கலாம் என்றால் கேட்கவில்லை. "வெளியூர்ல தண்ணி கேக்கக் கூடாதுடி. தண்ணி கேட்டா ஊரக் கேப்பான். ஊரச் சொன்னா தெருவக் கேப்பான்." இது அவள் எனக்குப் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். இன்றைக்கும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் என் பையில் பாட்டில் இருக்கும். அது சுகாதாரத்துக்காக என்று வெளியில் சொல்லிக்கொள்வேன்.

கூட்டம் முடிந்த மறுநாள் ஒரு மாணவத் தோழர் எங்களைத் தௌலதாபாத் கோட்டைக்கு அழைத்துப் போனார். டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர். அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்று 1978இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதற்காகவே எங்கள் சனங்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆட்களைக் கொன்றார்கள். பெயர் வந்து சேர்ந்தது 1994 ஜனவரி 14இல். ஒரு பெயருக்குப் பதினாறு வருசம். தோழரின் தாய்மாமன் அந்தப் போராட்டத்தில் மண்டை உடைபட்டவர். அம்மாவை அவர் 'ஆயி' என்று கூப்பிட்டார். என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபிறகு அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

ஊரிலிருந்து கோட்டை பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். எல்லோரா போகிற பாதையில், சமதரையில் கூம்பு மாதிரி தனியாக நிற்கிறது மலை. பழைய பெயர் தேவகிரி. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் யாதவ அரசன் பில்லமன் இதைத் தலைநகராக்கினான். 1296இல் அலாவுதீன் கில்ஜி வந்து முற்றுகை போட்டபோது ராமச்சந்திரன் அரசன். அவசரத்தில் கோட்டைக்குள் ஏற்றிய மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் தானியத்துக்குப் பதில் உப்பு இருந்தது, அதனால்தான் பணிந்தான் என்று ஒரு கதை உண்டு. பதினைந்து வருசம் கழித்து மாலிக் காபூரின் படை தமிழ்நாட்டுக்கு வந்தபோது இந்த தேவகிரி வழியாகத்தான் வந்தது. 1327இல் முகமது பின் துக்ளக் டில்லியிலிருந்து தலைநகரை இங்கே மாற்றி, தௌலதாபாத் என்று பெயர் வைத்தான். பிறகு பாமினிகள், அகமதுநகர் நிஜாம்ஷாகிகள், 1633இல் முகலாயர், கடைசியில் ஐதராபாத் நிஜாம். இந்த வரிசையில் என் மனசில் தங்கியவர் மாலிக் அம்பர் ஒருவர்தான். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறித் தக்காணம் வந்து, நிஜாம்ஷாகி அரசையே நடத்தியவர். பிற்பாடு ஔரங்காபாத் ஆன கட்கி நகரத்தை நிறுவி, நிலத்தடிக் கால்வாய் வெட்டி அதற்குத் தண்ணீர் கொடுத்தவரும் அவரே.

நான் இந்தக் கோட்டையைப் பார்க்க வந்தது இந்த ராஜாக்களுக்காக இல்லை. 1934க்காக.

அந்த வருசம் இயக்கத்தில் கூட வேலை செய்தவர்கள் சிலர் பாபாசாகேப்பிடம், எங்காவது ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாமா, நீங்களும் வருவீர்களா என்று கேட்டார்கள். அவரும் சரி என்றார். எல்லோரா பௌத்தக் குகைகளைப் பார்ப்பதுதான் முக்கியத் திட்டம். நாசிக்கிலிருந்து பஸ்ஸும் காரும் வாடகைக்குப் பிடித்து ஏறத்தாழ முப்பது பேர் கிளம்பினார்கள். தீண்டப்படாதவர்கள் ஊர் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால் வழியெல்லாம் தொல்லை என்று பயணத்தை வெளியில் சொல்லாமலே வந்தார்கள். தௌலதாபாத்தில் மட்டும் நம் சனங்களுக்குத் தகவல் போயிருந்தது. ஊர் எல்லையில் காத்திருந்து, முதலில் டீ குடியுங்கள் என்று கூப்பிட்டார்கள். இவர்களுக்கும் டீ வேண்டியிருந்தது. ஆனால் இருட்டுவதற்குள் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும், திரும்பி வந்து குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு நேரே கோட்டைக்குப் போனார்கள்.

கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு சின்னக் குளம், தளும்பத் தளும்பத் தண்ணீர். மேலெல்லாம் பாதைப் புழுதி. சிலர் அந்தத் தண்ணீரில் முகம் கால் கழுவினார்கள். உள்ளே போக அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும்போது, வெள்ளைத் தாடி வைத்த ஒரு முஸ்லிம் கிழவர், தீண்டப்படாதவர்கள் குளத்தைத் தீட்டுப்படுத்திவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு வந்தார். ரம்ஜான் மாதம். கூட்டம் சேர்ந்துவிட்டது. வெளியூர்க்காரர்களைத் திட்டியது போதாமல், நீங்கள் ஏன் சொல்லி வைக்கவில்லை என்று உள்ளூர் சனங்களையும் திட்டினார்கள். அவனவன் தன் தன் மதப்படி நடக்க வேண்டும் என்று ஓர் இளைஞன் சொல்லிக்கொண்டே இருந்தான். பாபாசாகேப் கோபமாகத் திருப்பிக் கேட்டார்: உன் மதம் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறதா, இவர்கள் முஸ்லிமாக மாறினால் அப்போதும் தண்ணீரைத் தொடவிட மாட்டாயா? யாரும் பதில் பேசவில்லை. கடைசியில் அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளத் துப்பாக்கி ஏந்திய சிப்பாய் ஒருவன் கூடவே வந்தான்.

பாபாசாகேப் இதை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சின்னக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் அது அச்சாகவில்லை. 1990இல்தான் அவர் தொடங்கிய மக்கள் கல்விக் கழகம் புத்தகமாக வெளியிட்டது.

கோட்டை வாசலில் நின்று இதை அம்மாவுக்கு நான் தமிழில் சொல்ல, விட்டுப்போனதைத் தோழர் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு சுற்றுலாக்காரர் அதைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா அவர்கள் புத்தியை என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோசம். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன்: "1927 மார்ச் 20இல் மகத் சவுதார் குளத்தில் பாபாசாகேப் தண்ணீர் எடுத்துக் குடித்தாரே, அப்போது எங்கள் ஆட்களை அடித்தது யார்? நூற்றெட்டுக் குடத்தில் சாணியும் மூத்திரமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தது யார்? அதே வருசம் டிசம்பரில் மகத்தில் மாநாடு நடத்த சாதி இந்து எவனும் இடம் கொடுக்கவில்லை. ஒரு முஸ்லிம்தான் தன் நிலத்தைக் கொடுத்தார்." அவர் நகர்ந்துவிட்டார். எங்க காயத்தை எடுத்து இன்னொருவர் மேல் வீசக் கல்லாக்கிக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. பாபாசாகேப் அந்தக் குறிப்பில் இந்துவையும் பார்சியையும் முஸ்லிமையும் வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார். சாதி இந்த மண்ணில் எல்லா மதத்துக்குள்ளும் கசிந்த தண்ணீர் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

உள்ளே போனோம். சுவருக்குள் சுவர், வாசலுக்குள் வாசல். யானை முழுகுகிற அளவுக்கு ஒரு பெரிய கல்தொட்டி, யானைக்குளம் என்கிறார்கள். மலைகளிலிருந்து சுட்ட மண் குழாய்கள் வழியாகக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் 15ஆம் நூற்றாண்டில் பாமினிகள் கட்டிய சாந்த் மினார், ஏறத்தாழ 210 அடி உயரம். அப்புறம்தான் மலை. அடிவாரத்தில் பாறையைச் சுற்றிலும் செங்குத்தாகச் செதுக்கிவிட்டிருக்கிறார்கள். உடும்புகூட ஏற முடியாது. கீழே அகழி, அதுவும் பாறையைக் குடைந்ததுதான். உள்ளே போக ஒரே ஒரு குறுகிய பாலம்.

வழிகாட்டிகள் இதைத் தக்காணத்தின் அதிசயம் என்கிறார்கள். நியாயம்தான். உளியால் ஒரு மலையையே சீவி வைத்தவர்கள் யார் என்று யோசித்தேன். யாதவர் காலத்துக்குக் கொஞ்சம் பின்னால் வாழ்ந்த மகார் சாதிக் கவிஞர் சோகாமேளா நினைவுக்கு வந்தார். பண்டர்பூர் விட்டலன் மேல் பாடியும் கோயிலுக்குள் போக முடியாதவர். மங்கள்வேடாவில் மதில் கட்டும் வேலைக்கு மகார்களை இழுத்துப் போனபோது, சுவர் சரிந்து அதன் கீழே செத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1948இல் வந்த 'தீண்டப்படாதோர்' புத்தகத்தை பாபாசாகேப் மூன்று பேர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்: நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா. உழிஞைக்கும் நொச்சிக்கும் நடுவில் சுவருக்கடியில் கிடப்பவன் யார் என்று எனக்குப் பாடத்தில் இல்லாத விடை அங்கே கிடைத்தது.

பாலத்துக்கு அப்புறம் இருட்டுப் பாதை. 'அந்தேரி' என்கிறார்கள். பாறைக்குள் வளைந்து வளைந்து ஏறும் குகை. எதிரி உள்ளே வந்தால் வழி தடுமாற வேண்டும், புகை போட்டு மூச்சுமுட்ட வைக்க வேண்டும் என்று செய்த ஏற்பாடு. டார்ச் வெளிச்சத்தில் வௌவால் நாற்றத்தோடு ஏறினோம். அம்மா பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் எங்களுக்கு முன்னால் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். "கரண்டு இல்லாத வூட்ல நாப்பது வருசம் ஒலை வச்சவடி நான். இருட்டு என்னா பண்ணும்?"

மொத்தம் எழுநூறு படிக்கு மேல் இருக்கும். ஷாஜகான் காலத்து மாளிகை வரைக்கும் வந்ததும் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டாள். இறங்கிவிடலாமா என்றேன். "இம்மாந்தூரம் வந்துட்டு?" என்று முறைத்தாள். உச்சிக்குப் பக்கத்தில் ஜனார்த்தன சுவாமி குகை என்று ஒன்று இருக்கிறது. அவர் இந்தக் கோட்டையின் அதிகாரியாக இருந்தவர், 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏக்நாத்தின் குரு. பிராமணராகப் பிறந்தும் மகார் வீட்டில் சாப்பிட்டார், மகார் குரலில் பாட்டு எழுதினார் என்று ஏக்நாத்தைச் சொல்வார்கள். காசியிலிருந்து ராமேசுவரத்துக்குக் கொண்டுபோன கங்கைத் தண்ணீரை, வழியில் தாகத்தில் கிடந்த கழுதைக்கு ஊற்றினார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு சொன்னாள்: "நல்லவருதான். அவரு இருந்த மலையிலதான் நம்ம ஆளுங்க தண்ணியத் தொட்றாங்களான்னு துப்பாக்கி வச்சிக்கினு பாத்திருக்கானுங்க. கழுதையாப் பொறந்திருக்கலாம்."

உச்சியில் காற்று. கீழே சாந்த் மினார் சுண்டுவிரல் மாதிரி தெரிந்தது. எல்லோரா பாதை வளைந்து போனது. அங்கே நின்றபோது அந்த முப்பது பேரை இன்னொரு விதமாக நினைத்துப் பார்த்தேன். அவமானத்தை மட்டும்தான் இவ்வளவு நாள் படித்திருந்தேன். அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. அவர்கள் மாநாட்டுக்கு வரவில்லை, போராட வரவில்லை. ஒரு பழைய கோட்டையைப் பார்க்க ஆசைப்பட்டு, டீயைத் தள்ளிவைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஓடி வந்தார்கள். உழைக்கவும் அடிபடவும் மட்டும் நாம் பிறக்கவில்லை, காற்று வாங்கவும் பிறந்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். அந்த ஆசையைத்தான் ஊர் பொறுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வந்த பாதையில்தான் இயோலா இருக்கிறது. அங்கேதான் 1935 அக்டோபர் 13இல் பாபாசாகேப், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார்.

நம் எழுத்திலும் இந்தக் குறை இருக்கிறது. வலியை எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். நம் அம்மாக்கள் ஒரு மலை உச்சியில் முந்தானை பறக்க நின்றால் எப்படி இருப்பார்கள் என்று யாராவது எழுதியிருக்கிறோமா?

இறங்கி வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. வாசலுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். அம்மாவின் கேன் நகரத்திலேயே காலி. என் பாட்டிலும் மேலேயே தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் பாட்டில் விற்கிற கடை எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது, அம்மா கடைக்காரரைப் பார்த்து உரக்கத் தமிழிலேயே, "தண்ணி குடுப்பா" என்றாள். அவர் ஒரு சொம்பை நீட்டினார். அண்ணாந்து குடித்தாள். மீதித் தண்ணீரில் முகத்தையும் காலையும் கழுவிக்கொண்டாள்.

ரயிலில் திரும்பும்போது தூங்குகிறாள் என்று நினைத்தேன். திடீரென்று கேட்டாள்: "நம்மூரு கோட்டைக்கி டிக்கெட்டு எவ்ளோடி?"

"எதுக்கு?"

"தை பொறந்ததும் போலாம். ராசா மலையும் ஏறணும், அந்த சக்கிலித் துர்க்கமும் ஏறணும். வெறகுக்கு இல்ல. சும்மா."