வந்த நோக்கம்

2024 நவம்பரில் ஒருநாள், ஹனோய் நகரின் நொய் பாய் விமான நிலையத்திலிருந்து பழைய நகரப் பகுதியை வந்தடைந்தபோது இரவு பத்து மணி கடந்திருந்தது. தனியாகப் பயணம் செய்வது எனக்குப் புதிதல்ல. செய்தி சேகரிப்பதற்காகவும் கருத்தரங்குகளுக்காகவும் பல நாடுகளுக்குச் சென்றிருக்கிறேன். அங்கெல்லாம் பெயர்ப்பலகையோடு யாராவது காத்திருப்பார்கள். அலுவல் எதுவுமின்றி, அழைத்துச்செல்ல எவருமின்றி, மொழி தெரியாத நகரமொன்றில் சிறு விடுதியின் வாசலில் போய் நிற்பது ஐம்பத்தேழு வயதில் இதுவே முதல் தடவை.

ஹனோயின் பழைய நகரம் வணிகத் தெருக்களால் ஆனது. பல தெருக்களின் பெயர்கள் 'ஹாங்' என்று தொடங்குகின்றன. விற்பனைப் பொருள் என்பது அதன் பொருள். ஹாங் பாக் வெள்ளி விற்ற தெரு. ஹாங் மா, முன்னோருக்கு எரித்துப் படைக்கும் காகிதப் பொருட்களின் தெரு. எங்கள் கொழும்புச் செட்டியார் தெருவில் நகைக்கடைகள் வரிசையாக இருப்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். வீடுகள் முகப்பில் சில அடி அகலமே கொண்டவை. உள்ளே நீண்டு செல்பவை. 'குழாய் வீடுகள்' என்றே அவற்றை அழைக்கிறார்கள். நான் தங்கிய விடுதியும் அப்படியொரு வீடுதான். ஒரு குடும்பம் நடத்தும் ஐந்து மாடி விடுதி. மின்தூக்கி இல்லை. வரவேற்பு மேசைக்கு அருகே தரையில் சிறு வழிபாட்டு மாடம். அதில் ஊதுபத்தியும் தோடம்பழங்களும் இருந்தன.

மேசையில் இருந்த இளம்பெண் சிரித்தபடி கடவுச்சீட்டைக் கேட்டாள். கொடுத்தேன். புகைப்படப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டாள். "பொலிஸ் பதிவு. நாளை காலை தருகிறேன்" என்றாள்.

வெளிநாட்டவர் தங்கினால் பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும் என்பது வியட்நாமிய சட்டம். விடுதிகள் அதை நாளாந்தம் செய்கின்றன. எனக்கு முன்னால் நின்ற அவுஸ்திரேலிய இளைஞன் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு, சீழ்க்கையடித்தபடி படியேறிப் போய்விட்டான். நான் மட்டும் மேசையை விட்டு நகர முடியாமல் சிறிது நேரம் நின்றேன். வேறு ஏதாவது வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டபோதுதான் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அறை நான்காம் மாடியில். சுத்தமான கட்டில், அலுமாரி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில். யன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டின் சுவர். புதிய அறைக்குள் வந்தவர்கள் உடுப்புகளை எடுத்து மாட்டுவார்கள், குளிப்பார்கள். நான் முதலில் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். பையைத் திறக்காமல் கட்டிலின் கீழே தள்ளினேன். கடவுச்சீட்டின் பிரதியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். செருப்புகளை வாசலை நோக்கித் திருப்பி வைத்தேன். எல்லாம் முடிந்த பின்னர்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

இது கொழும்பு லொட்ஜில் கற்ற பாடம்.

1993 இல், பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு, கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்து கொழும்புக்கு வந்தேன். புறக்கோட்டையில் ஒரு லொட்ஜில் ஓர் அறைக்குள் ஆறுபேர் இருந்தோம். மனேஜரின் மேசையில் பெரிய பதிவுப் புத்தகம் ஒன்று விரிந்திருக்கும். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, வந்த நோக்கம், தங்கும் காலம் என்று கட்டங்கள். அந்த விபரங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போகும். முகவரிக் கட்டத்தில் யாழ்ப்பாணம் என்று எழுதியவனுக்கு, நோக்கக் கட்டத்தில் என்ன எழுதினாலும் போதாது. நள்ளிரவில் கீழே இரும்புக் கதவு உயரும் ஓசை கேட்டால் ஆறுபேரும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். எவரும் பேசமாட்டோம். கைகள் அடையாள அட்டையைத் தேடும்.

பின்னர் பத்திரிகையாளனானேன், வாடகை வீடு கிடைத்தது, லொட்ஜ் வாழ்க்கை முடிந்தது. ஆனால் அந்தப் பதிவுப் புத்தகத்தை மீண்டும் ஒருமுறை பார்க்க நேர்ந்தது.

2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை, கொழும்பில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டு, பொருட்களை எடுத்துக்கொள்ளக் குறுகிய அவகாசம் மட்டும் கொடுக்கப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். பாதுகாப்புக் காரணம் என்றும், தலைநகரில் தங்கத் தகுந்த நோக்கம் இல்லாதவர்கள் என்றும் சொல்லப்பட்டது. வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டோர் 376 பேர் என அறிவிக்கப்பட்டது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் மீது உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்ப அழைத்துவரப்பட்டார்கள். அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அன்று நண்பகல் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜுக்குச் சென்றேன். வயதான மனேஜர், "என்ன தம்பி எழுதப்போறியள்? இதைப் பாருங்கோ" என்று புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். நோக்கக் கட்டத்தில் எல்லாமே எழுதப்பட்டிருந்தன. கடவுச்சீட்டு எடுக்க. கண் சத்திரசிகிச்சை. மகனிடம் கனடா செல்ல. தங்கும் காலம் ஒரு கிழமை என்று எழுதியவர்கள் மாதக்கணக்கில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள். மொட்டைமாடியில் கொடி நிறைய உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன, எடுக்க ஆளில்லை. திரும்பிவந்த தாயொருவரைச் சில நாட்களின் பின் சந்தித்தேன். பயத்தைப் பற்றியோ கோபத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை. "ஈரச் சீலையைக் கொடியில விட்டிட்டுப் போயிட்டன் தம்பி, அதுதான் பஸ்ஸுக்க முழுக்க யோசினை" என்றார். செய்தியில் எண்ணிக்கையை எழுதினேன். நீதிமன்ற உத்தரவை எழுதினேன். சீலையை எழுத இடம் இருக்கவில்லை.

ஹனோயில் அன்றிரவு சரியாக உறங்கவில்லை. அதிகாலை ஐந்து மணியளவில் கீழே இரும்புக் கதவு உயரும் ஓசை கேட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கை சட்டைப்பைக்குப் போனது. படிகளில் காலடியோசை ஏறி வந்தது. என் கதவைக் கடந்து மேல்மாடிக்குப் போனது. விமானத்தைப் பிடிக்கவேண்டிய யாரோ ஒருவரை எழுப்பப் போயிருக்கிறார்கள்.

கீழே இறங்கிப் போனேன். இரவுக் காவலுக்கு வரவேற்பறையில் படுத்திருந்தவர் மடிப்புக் கட்டிலை எடுத்து வைத்துவிட்டு, உள்ளே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களை ஒவ்வொன்றாக வெளியே உருட்டிக்கொண்டிருந்தார். இந்நேரத்தில் இறங்கிவந்தவன் பசியில்தான் வந்திருக்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, எதிர்ப்புறத்தைக் கைகாட்டினார். அங்கே ஒரு பெண் உயரம் குறைந்த பிளாஸ்டிக் முக்காலிகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பெரிய பானையில் 'ஃபோ' என்னும் நூடில்ஸ் சூப் ஆவி பறந்துகொண்டிருந்தது. முழங்கால்கள் நெஞ்சைத் தொட அமர்ந்து குடித்தேன்.

எட்டு மணிக்கு அந்த இளம்பெண் கடவுச்சீட்டை இரு கைகளாலும் பிடித்துத் தந்தாள். பொலிஸார் ஏதாவது கேட்டார்களா என்றேன். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. நான் எதற்காக வந்தேன் என்று கேட்கவில்லையா என்று மீண்டும் கேட்டேன். "நீங்கள் சுற்றுலாப் பயணிதானே?" என்றாள் வியப்போடு.

இதைக் கொண்டு ஒரு நாட்டைப் புகழவும் மற்றொன்றை இகழவும் நான் வரவில்லை. வியட்நாமில் எழுதியதற்காகச் சிறையிருப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே என் தொழிலைச் செய்யும் ஒருவருக்கு அந்தப் பொலிஸ் பதிவு நான் கண்டதுபோல் வெறும் காகிதமாக இராது. எனக்கு அது காகிதமானதற்குக் காரணம், நான் அங்கே அந்நியன் என்பதே. அந்நியன் எதற்காக வந்தான் என்பதை ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். சொந்த நாட்டின் தலைநகருக்கு எதற்காக வந்தாய் என்று கேட்கப்பட்டபோதுதான் எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அன்று மாலை செந்நதியின் மேலுள்ள லொங் பியென் பாலம்வரை நடந்தேன். பிரெஞ்சுக்காரர் 1902 இல் கட்டிமுடித்தது. அமெரிக்க விமானங்கள் 1967 இலும் 1972 இலும் குண்டு வீசித் தகர்த்த பகுதிகளைப் பின்னர் வேறு வடிவில் நிரப்பியிருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட இடங்கள் தூரத்திலிருந்தே தெரிகின்றன. அதன்மேல் ரயிலும் மோட்டார் சைக்கிள்களும் போய்க்கொண்டிருந்தன.

அறைக்குத் திரும்பியதும் பையைத் திறந்து சட்டைகளை அலுமாரியில் மாட்டினேன். தோய்த்த துவாயை யன்னலோரம் காயப்போட்டேன். செருப்புகள் மட்டும் ஐந்து நாட்களும் வாசலை நோக்கியே இருந்தன.