பனியும் பாதையும்

நுழையும்முன்

ஒருவருக்கு விளையாட்டுக்களமாகும் இயற்கை, இன்னொருவருக்கு வழியை அடைக்கும் சுவராகவும் அமையலாம். கொல்லிமலையின் அடிவாரத்தில் பிறந்த ஒருவர், கனடாவின் பனிவெளியில் பெற்ற பட்டறிவைக் கூறும் தன்னனுபவக் கட்டுரை இது.

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் முன்பனி, பின்பனி என இரண்டு பனிக்கு உரியவை. ஆயினும், நான் பிறந்து வளர்ந்த புளியஞ்சோலையில் பனி என்பது, மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. தை மாதத்தில் கொல்லிமலையின் முகட்டை மறைக்கும் வெண்புகை. கதிரவன் ஒரு பனை உயரம் ஏறியதும் அது இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கையால் அள்ளக்கூடிய பனியை, வீட்டையும் வேலியையும் மூடும் பனியை, என் நாற்பதாம் அகவைவரை நான் கண்டதில்லை.

ஆனால், இயற்கை வழியை அடைத்தால் என்ன நேரும் என்பதை எங்கள் ஊர் ஆறு எனக்கு முன்பே கற்றுக்கொடுத்திருந்தது.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் எல்லையில், கொல்லிமலையின் மடியில் இருக்கிறது புளியஞ்சோலை. மலைமேல், அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாயகங்கை அருவியாக வீழும் ஐயாறு, பாறைகளின் ஊடே இறங்கி எங்கள் ஊரைத் தொட்டுச் செல்கிறது. விடுமுறை நாள்களில் கட்டுச்சோற்று மூட்டையுடன் குடும்பம் குடும்பமாக மக்கள் வருவர். பாறை மடுக்களில் நாள் முழுதும் குளித்து மகிழ்வர். அவர்களுக்கு அந்த ஆறு ஒரு திருவிழா.

மலைமேல் வாழ்ந்தோர்க்கு அதுவே வேறு. நாமக்கல் பக்கத்தில், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளுடன் மலைக்குச் சாலை உண்டு. எனினும், எங்கள் பக்கத்துச் சரிவில் இருந்தோர் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, ஆற்றைக் கடந்தே பேருந்தைப் பிடிப்பர். பலாப்பழமும் வாழைத்தாரும் அவர்கள் தலையேறி அவ்வழியே வரும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஐப்பசி அடைமழை. அக்கரையில் நால்வர் நின்று குரல் கொடுத்தனர். மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, ஒரு சிறுவனைச் சுமந்து வந்திருந்தனர். அவனை எனக்குத் தெரியும். பலாப்பழப் பருவத்தில் தந்தையோடு வந்து எங்கள் திண்ணையில் இளைப்பாறிச் செல்பவன், என் வயதினன். இரண்டு நாள்களாகத் தீராத வயிற்றுவலி என்றனர். இருகரைக்கும் நடுவே செந்நீர் சீறிக்கொண்டிருந்தது. என் தந்தையும் ஊராரும் மரத்தில் வடம் கட்டிக் காத்திருந்தனர். வெள்ளம் சற்று வடிந்து அவனை இக்கரை சேர்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. துறையூருக்குச் செல்லும் வழியிலேயே அவன் உயிர் பிரிந்தது.

அன்றிரவு அப்பாயி என்னை மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னார்: “நோவு கொல்லல சாமி. வழி இல்லாததுதான் கொன்னுபோட்டுச்சு.”

அடுத்த வாரம் மழை வெறித்தது. அவனைக் கரையேற்றிய அதே துறையில் வெளியூரார் குளித்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். அவர்கள்மீது எனக்கு எழுந்த சினத்திற்குப் பொருளில்லை என்பதை உணர எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

பல ஆண்டுகள் கழித்து, பணியின்பொருட்டுக் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சில திங்கள் தங்க நேர்ந்தது. அது சனவரி மாதம். மரங்கள் இலையின்றி நின்றன. ஏரிகள் கல்லாய் இறுகிக் கிடந்தன. குளிருக்கு அஞ்சி நான் அறைக்குள்ளேயே முடங்கியிருந்தேன். உடன் பணியாற்றிய யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், “அண்ணை, வந்த இடத்திலை இதையும் ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ” என்று கூறிப் பனியூர்தி ஓட்ட அழைத்துச் சென்றார்.

பனியூர்தி என்பது பனியின்மேல் ஊர்ந்து செல்லும் சிறு இயந்திர வண்டி. இருசக்கர வண்டியைப்போல் அமர்ந்து, கைப்பிடியைப் பற்றி ஓட்ட வேண்டும். சக்கரங்கள் இல்லை. முன்னால் இரண்டு சறுக்குக்கட்டைகள். அடியில் அகன்ற ரப்பர் பட்டை. அதைக் கண்டதும் எங்கள் வயலில் சேற்றைச் சமன்செய்யும் பரம்புப் பலகை என் நினைவுக்கு வந்தது. சேற்றில் இறங்கி நிற்பவர் முழங்கால்வரை புதைவார். அவரே பரம்பின்மேல் ஏறி நின்றால், பலகை சேற்றின்மேல் வழுக்கிச் செல்லும். எடை ஒன்றுதான், அது பரவும் பரப்பு வேறு. சக்கரம் புதையும் பனியில் அகன்ற பட்டை புதையாமல் செல்வதும் இதனால்தான். இயந்திரம் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பற்சக்கரம் பட்டையை இழுக்கிறது. பட்டை பனியைப் பின்னே தள்ளி வண்டியை முன்னே செலுத்துகிறது. சறுக்குக்கட்டைகள் திசை காட்டுகின்றன.

தலைக்கவசம் அணிந்து நானும் ஏறினேன். ஊசியிலை மரங்களுக்கிடையே வெண்பனிப் பாதை வளைந்து வளைந்து சென்றது. முகத்தில் காற்று அறைந்தது. பின்னால் பனித்தூள் புகையாய் எழுந்தது. உறைந்த ஏரியைக் கடந்தபோது என்னை மறந்து கூவினேன். கியூபெக்கில் மட்டும் இத்தகைய பாதைகள் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன என்று நண்பர் கூறினார். குளிர்காலம் அம்மக்களுக்குக் கொண்டாட்டக் காலம் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. வண்டியின் இரைச்சலால் காட்டின் அமைதி குலைவதும் அன்றே விளங்கியது.

மறுநாள் வல்கூர் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். பனியூர்தியின் வரலாற்றில் முதன்மையான இடம்பெற்ற ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1907இல் பிறந்த ஊர் அது. அவர் பெயரில் அங்கு ஓர் அருங்காட்சியகம் உள்ளது.

பனியில் இயந்திரத்தை ஓட்டும் முயற்சி அவரோடு தொடங்கியதன்று. உருசியப் பேரரசரின் மகிழுந்துகளைப் பேணிவந்த அடோல்ஃப் கெக்ரெஸ் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், முதல் உலகப்போருக்கு முன்பே பின்சக்கரங்களுக்கு மாற்றாக நெகிழ்வான பட்டையைப் பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், காலில் இருந்த குறையால் நண்பர்களோடு பனியில் நடக்க இயலாத கார்ல் எலியாசன், படகுக்குரிய சிறு இயந்திரத்தைச் சறுக்குவண்டியில் பூட்டி 1924இல் ஓட்டினார். 1927இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பொம்பார்டியேவும் இளமையிலேயே இவ்வேட்கை கொண்டவர். 1922இல், தம் பதினைந்தாம் வயதில், பழைய ஃபோர்டு மகிழுந்தின் இயந்திரத்தைச் சறுக்குவண்டியில் ஏற்றி, பின்புறம் மரத்தாலான காற்றாடியைச் சுழலவிட்டு ஊர்த்தெருவில் ஓடவிட்டார். காற்றாடியின் இடரை அஞ்சிய தந்தை, அதைக் கழற்றிவிடுமாறு ஆணையிட்டார். அதுவரை அது ஒரு சிறுவனின் விளையாட்டு.

அருங்காட்சியகத்தில் அடுத்துப் படித்த செய்தி என்னை நிறுத்தியது. 1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பொம்பார்டியேவின் இரண்டு வயது மகன் இவோன் வயிற்றுநோயால் துடித்தான். குடல்வால் அழற்சி முற்றிவிட்டது. மருத்துவமனையோ ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், ஷெர்புரூக் நகரில் இருந்தது. சாலையைப் பனி மூடியிருந்தது. தந்தை உருவாக்கிக்கொண்டிருந்த பனிவண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்தது.

நான் அவ்விடத்தில் வெகுநேரம் நின்றேன். கண்முன் இருந்தது வெண்பனி. நான் கண்டதோ ஐயாற்றின் செந்நீர். அப்பாயியின் சொல் காதில் ஒலித்தது. உலகின் இருவேறு மூலைகளில் இரண்டு குழந்தைகள். ஒன்றைப் பனியும் மற்றொன்றை வெள்ளமும் தடுத்திருந்தன. குறை ஒன்றே: வழியில்லாமை.

அத்துயரத்திற்குப் பின் பொம்பார்டியேவின் விளையாட்டு கடமையாயிற்று. பற்சக்கரமும் பட்டையும் இணைந்த இயங்குமுறைக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். எழுவர் அமரும் ‘பி7’ வண்டியும், பின்னர்ப் பன்னிருவர் அமரும் ‘பி12’ வண்டியும் உருவாயின. அவை மருத்துவரை நோயாளியிடம் கொண்டு சேர்த்தன, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றன, அஞ்சல்களைச் சுமந்தன.

நாற்பதுகளின் இறுதியில் கியூபெக் அரசு, சிற்றூர்ச் சாலைகளின் பனியையும் அகற்றத் தொடங்கியது. சாலை திறந்ததும் பெரிய பனிவண்டிகளுக்குத் தேவை குறைந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. காட்டிலும் சதுப்பிலும் செல்லும் வண்டிகளைப் படைத்தார். 1959இல், ஓரிருவர் செல்லக்கூடிய எடைகுறைந்த ‘ஸ்கி-டூ’ வண்டியை வெளியிட்டார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்கு மாற்று என்னும் பொருளில் ‘ஸ்கி-டாக்’ என்று அவர் எண்ணியிருந்த பெயர், எழுத்துப் பிழையால் மாறியது என்பர். வடபுலத்தில் பழங்குடி மக்களிடையே பணியாற்றும் பாதிரியார்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் அது பயன்படும் என்றே அவர் கருதினார். மக்களோ அதை மகிழ்ச்சிக்கும் எடுத்துக்கொண்டனர். 1964இல் அவர் மறைந்தபின் அது வடஅமெரிக்காவின் பெரும் குளிர்காலப் பொழுதுபோக்காக வளர்ந்தது. 1968இல் ரால்ஃப் பிளெய்ஸ்டெட் குழுவினர் பனியூர்திகளிலேயே வடதுருவத்தை அடைந்தனர். நம் நாட்டிலும் அவ்வண்டிக்கு இரு முகங்கள் உண்டு. குல்மார்க்கில் அது சுற்றுலாப் பயணிகளின் களிப்பு. சியாச்சின் பனிமலையில் அது நம் படைவீரர்களின் துணை.

விளையாட்டில் பிறந்து, துயரத்தில் முதிர்ந்து, மீண்டும் விளையாட்டானது அவ்வண்டியின் கதை. முதல்நாள் நான் கூவிக்கொண்டு கடந்த பனி, ஒருகாலத்தில் ஒரு தந்தையின் வழியை மறித்த பனி. அதை அறிந்தபின் என் மகிழ்ச்சி குறைந்துவிடவில்லை. அதன் விலை விளங்கியது. பத்து வயதில் குளிப்போர்மீது கொண்ட சினமும் அன்றுதான் தணிந்தது. அவர்கள் மகிழ்ந்ததில் பிழையில்லை. அக்கரையில் காத்து நின்றோரை அவர்கள் அறியவில்லை, அவ்வளவே.

இப்போதும் ஊருக்குச் செல்லும்போது ஆற்றங்கரையில் சற்று அமர்வேன். குளிக்க வந்த பிள்ளைகள் பாறையிலிருந்து நீரில் குதித்துக் கும்மாளமிடுவர். பார்க்க இனிமையாக இருக்கும். அவர்கள் கரையேறித் தலைதுவட்டும்போது, மரங்களுக்கிடையே மேலேறிச் செல்லும் ஒற்றையடிப் பாதையைக் காட்டி, “அது எங்கே போகிறது, தெரியுமா?” என்று கேட்பேன். யாரேனும் ஒருவர் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு அந்தச் சிறுவனின் கதையையும், வல்கூரின் தந்தை கதையையும் சொல்லுவேன்.