கைக்குழந்தையும் ராட்டினமும்

"கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு யாராவது ராட்டினம் சுத்தப் போவாங்களா?"

சம்பந்தியம்மா போனில் இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பேத்திக்கு அப்போது 11 மாதம். தவழ்கிற பருவம். கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குள் போகிற வயசு. அவளைத் தூக்கிக்கொண்டு நாலு நாள் வெளியில் தங்கி, தீம் பார்க்கும் முதலைப் பண்ணையும் பார்த்து வருகிறோம் என்றால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

இந்த யோசனை குழந்தைக்காக எழவே இல்லை. அவளைப் பெற்றவளுக்காக எழுந்தது. என் மகளுக்கு வயசு 23. சுவரேறிக் குதித்து வளர்ந்த பெண். பிரசவம் ஆபரேஷனில் முடிந்த பிறகு மொட்டை மாடிக்குக்கூடப் போகாமல் ஓர் அறைக்குள்ளேயே அடங்கிவிட்டாள். யாராவது குழந்தையை வாங்கிக்கொண்டு "போய்த் தூங்கு" என்றாலும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். மார்கழியில் ஒரு நாள், திருப்போரூர்ப் பக்கம் புதிதாகத் திறந்த வொண்டர்லா பார்க்கின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, "நான் காலேஜ் படிக்கிறப்போ இது வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள். கிழவி பேசுகிற மாதிரி இருந்தது. அன்று ராத்திரியே என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைப் போட்டேன்.

எங்கள் மண்ணூர்பேட்டையில் உல்லாசப் பயணம் என்றாலே கம்பெனி டூர்தான். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து வருஷம் ஒரு பஸ் கிளம்பும். விடிகாலையில் எம்.டி.எச். ரோட்டில் புளிசாதத் தூக்குடன் நிற்போம். வி.ஜி.பி.யில் அசையாமல் நிற்பாரே சிலை மனிதர், அவரைச் சிரிக்க வைக்க நாங்கள் பட்ட பாடு! பிறகு 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' படம் எடுத்த நவோதயா அப்பச்சன் அமைத்தது. டில்லியில் இதற்கெல்லாம் முன்னோடியாக 1984-லேயே அப்பு கர் திறந்திருந்தார்கள். அது 2008-ல் மூடியாயிற்று. வொண்டர்லாவும் நேற்று முளைத்ததல்ல. வி-கார்டு கம்பெனியைத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-ல் கொச்சியில் வீகாலேண்ட் என்று ஆரம்பித்ததன் வழி வந்தது. 2005-ல் பெங்களூர் பிடதி, 2016-ல் ஹைதராபாத், பிறகு புவனேசுவரம், 2025 டிசம்பரில் நம் சென்னை.

போவது என்று முடிவான பிறகுதான் கணக்கு ஆரம்பித்தது. முதலில் மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பிரயோஜனமில்லை. சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். தை பிறந்து, காணும் பொங்கல் கூட்டமும் கலைந்த பிறகு என்று வைத்தோம். 9 மாதத் தடுப்பூசி போட்டு முடித்திருந்தது. மகளுக்கு ராட்டினம் ஏற அனுமதி உண்டா என்று அவளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடமே கேட்டோம். ஆபரேஷன் ஆகிச் சில மாதங்களே ஆனவர்கள், கர்ப்பிணிகள், இதயம், முதுகுத் தொல்லை உள்ளவர்கள் இதில் ஏறவே கூடாது. பரிசோதித்துவிட்டு, "தாராளமா ஏறட்டும்" என்றார்.

அடுத்தது கிழமை. சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டம். திங்கட்கிழமை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு விடுமுறை. ஆகவே திங்களன்று போய் இறங்கி ஓய்வு, செவ்வாய் பார்க், புதன் முதலைகள், வியாழன் வீடு திரும்புகிற வழியில் முட்டுக்காடு. அங்கே தட்சிணசித்ராவா, எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டா என்று என் மகனுக்கும் எனக்கும் கடைசிவரை வழக்கு தீரவில்லை. அவனுக்கு 18 வயசு. அவனைப் பொறுத்தவரை தலைகீழாகச் சுற்றாததெல்லாம் சுற்றுலாவே இல்லை.

தினமும் வீட்டிலிருந்தே போய் வந்தால் லாட்ஜ் செலவு மிச்சம் என்றார் என் வீட்டுக்காரர். மண்ணூர்பேட்டையிலிருந்து பைபாஸ் பிடித்து, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போய் வர நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. பெரியவர்களுக்கே இடுப்பு கழன்றுவிடும், குழந்தை என்ன செய்யும்? மாமல்லபுரத்தில் குடும்ப அறை ஒன்று பார்த்தோம். அங்கிருந்து பார்க்குக்கு அரை மணி நேரம்தான்.

பெட்டி கட்டுவதில்தான் சாமர்த்தியம் தேவை. எங்கள் பேத்திக்குத் தூளி இல்லாமல் தூக்கம் வராது. லாட்ஜ் அறைகளில் உத்தரம் ஏது, கொக்கி ஏது? மடக்குகிற இரும்புத் தொட்டில் ஸ்டாண்ட் ஒன்றை வாங்கி, என் பழைய நூல் புடவையையும் சுருட்டி வைத்துக்கொண்டேன். "லாட்ஜுக்கு யாராவது தூளி எடுத்துட்டுப் போவாங்களாம்மா?" என்று மகன் சிரித்தான். முதல் ராத்திரி அவன் குறட்டை விட்டதே அந்தத் தூளியின் புண்ணியத்தால்தான்! வறுத்து அரைத்த ராகிக் கஞ்சி மாவு, சின்ன மின்சாரக் கெட்டில், பிளாஸ்க், டிஃபன் டப்பா, இரண்டு டஜன் டயாப்பர், பழைய வேட்டித் துணி, தெர்மாமீட்டர், குழந்தை டாக்டர் எடைக்குத் தகுந்தபடி எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு.

இந்தப் பொட்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொண்டு பழரசப் பெட்டிகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவற்றில் சர்க்கரை அதிகம். பேதியாகிற குழந்தைக்குக் கொடுத்தால் இன்னும் மோசமாகும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் விடாமல் போராடி, 2025 அக்டோபரில் அப்படிப் பெயர் போடக் கூடாது என்று உத்தரவு வரச் செய்தார். உலக சுகாதார நிறுவன முறைப்படி தயாரித்தது என்று அச்சிட்ட பொட்டலத்தையே மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், சின்னதற்கு 200 மில்லி என்று அளவு வேறுபடும். உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள்.

திங்கள் மாலை கடற்கரைக் கோயில் பக்கம் குழந்தை முதல் முறையாகக் கடலைப் பார்த்தது. அலை வந்தால் சிரிப்பு, போனால் அழுகை. அவ்வளவுதான், எங்களுக்குக் காசு செரித்துவிட்டது.

செவ்வாய் காலை பத்தரைக்கெல்லாம் பார்க் வாசலில் இருந்தோம். பெரியவர்களுக்கு ஆளுக்குச் சுமார் 1500 ரூபாய். 85 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைகளுக்கு டிக்கெட் கிடையாது. பேத்தி 73 சென்டிமீட்டர், ராஜாத்தி இலவசமாகவே நுழைந்தாள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை. குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு உண்டா என்று முன்கூட்டியே போனில் கேட்டு வைத்திருந்தோம். தண்ணீர் விளையாட்டுக்குப் புடவை, பருத்திச் சுரிதார் எதுவும் ஆகாது, நைலான் உடை வேண்டும். நான் எப்படியும் இறங்கப் போவதில்லை. குழந்தையையும் குளத்துப் பக்கம் கொண்டுபோவதில்லை என்று தீர்மானம்.

அமெரிக்காவில் டிஸ்னி பார்க்குகளில் ஓர் ஏற்பாடு உண்டாம். அப்பா ராட்டினம் ஏறினால் அம்மா குழந்தையுடன் வெளியே நிற்பாள். அவர் இறங்கியதும் மறுபடி முழு வரிசையில் நிற்காமலே அவள் ஏறிக்கொள்ளலாம். நாங்கள் அதற்குப் பதில் பாட்டி என்கிற ஏற்பாட்டை வைத்துக்கொண்டோம்!

மகளைக் கிளப்புவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. "அவ அழுவாம்மா", "பால் கேப்பாம்மா" என்று சாக்கு. மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தஞ்சோரா என்று ஒரு ரயில். கால் தரையில் பாவாமல் அந்தரத்தில் தொங்க, ஆளையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டு பறக்கிறது. கீழே நின்ற எனக்கே அடிவயிறு ஜில்லென்றது. இறங்கி வந்தவளைப் பார்க்க வேண்டுமே! தலை கலைந்து, முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டே அழுகிறாள். "இன்னொரு தரம் போகட்டுமாம்மா?" என்றாள். போ, போ என்றேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம் என் பெண்ணின் குரலைக் கேட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கோட்டை விட்டேன். மணி பார்க்கவில்லை. ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. குழந்தை சத்தத்தில் மிரண்டு கஞ்சியைத் துப்பிவிட்டது. பால் கொடுக்க வந்தபோதும் இரண்டு வாய் குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தூங்குகிறாள் என்று மார்போடு பையில் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்கு டயாப்பரைப் பார்த்தால், காலை ஒன்பதுக்குக் கட்டியது, அநேகமாகக் காய்ந்தே இருந்தது. உடம்பு கொதித்தது. எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறது. அழவும் இல்லை. அழாத குழந்தையைப் பார்க்கிற பயம் இருக்கிறதே, அது எதிரிக்கும் வேண்டாம்.

ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே காரில் ஓட்டம். வழியில் ஒரு கிளினிக்கில் இளம் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். குழந்தையைத் தொட்டுப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் கம்பளிக் குல்லாவையும் சாக்ஸையும் யார் போட்டது?"

நான்தான். தை மாசக் காற்று காதில் புகுந்துவிடும் என்று காலையில் நானே போட்டுவிட்டது. நண்பகல் வெயில், கம்பளி, அதற்கு மேல் என் உடம்புச் சூட்டோடு சூடாக அந்தப் பை. பாவம், உள்ளேயே வெந்திருக்கிறது. குழந்தையின் உச்சிக்குழியை, கண்ணை, நாக்கைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, ஆரம்பம்தான்" என்றார். குல்லாவைக் கழற்றி, மின்விசிறிக்கு அடியில் போட்டு, கரைசலை ஒரு ஸ்பூன், இரண்டு நிமிஷம் கழித்து இன்னொரு ஸ்பூன் என்று கொடுக்க வைத்தார். இடையிடையே தாய்ப்பால். மூன்றாம் மாசக் குழந்தையோ, பதினோராம் மாசமோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் காத்திருக்கவே கூடாதாம். ஒரு மணி நேரம் கழித்துப் பேத்தி என் புடவை முழுக்க நனைத்தாள். அந்தப் புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

லாட்ஜுக்கு வந்ததும் மகள் குமுறிவிட்டாள். "நான் விளையாடப் போனதாலதான் இப்படி ஆச்சு. அம்மாவா நான்?" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எனக்குத் தொண்டை அடைத்துப் போயிற்று. என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அவர்தான் சொன்னார்: "குல்லா போட்டது உங்கம்மா. நீ ஏன் அழறே?" அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அந்த ஒரு வார்த்தைதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது.

அந்தச் சமயம் பார்த்துச் சம்பந்தியம்மாவிடமிருந்து போன். "குழந்தை எப்படி இருக்கா?" "நல்லா இருக்கா, தூங்கறா" என்றேன். தூங்கியது உண்மைதான். மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை முதலைகள் எங்களை மன்னித்துக்கொண்டன. நாள் முழுக்க அறையில்தான். தூளி, பால், கரைசல், கஞ்சி. மாலையில் குழந்தை பழையபடி செருப்பைக் கடிக்கத் தொடங்கிய பிறகுதான் ஆளுக்கு ஒரு தோசை இறங்கிற்று.

வியாழன் காலை வழக்கு மறுபடி வந்தது: எம்.ஜி.எம்.மா, வீடா? என் ஓட்டு வீட்டுக்கு. "வீடும் இல்ல, ராட்டினமும் இல்ல. தட்சிணசித்ரா போகலாம். பதினோரு மணிக்குள்ள பாத்துட்டுக் கிளம்பிடணும்" என்று மகள் சொன்னாள். யாரையும் கேட்கவில்லை, தானே சொன்னாள். தம்பி முணுமுணுத்தபடி பெட்டியைத் தூக்கினான்.

1996-ல் திறந்த இடம் அது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று அந்தந்த ஊர்ப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். கூட்டமில்லை, இரைச்சலில்லை. செட்டிநாட்டு வீட்டின் குளிர்ந்த தரையில் குழந்தையை இறக்கிவிட்டோம். வெறும் நூல் சட்டை, தலையில் ஒன்றுமில்லை. தூணுக்குத் தூண் தவழ்ந்து, நாலாவது தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது! பிறந்து முதல் தடவை. மாப்பிள்ளை போனைத் தேடுவதற்குள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

திரும்புகிற வழியில் மகள் தன் மாமியாருக்குத் தானே போன் போட்டாள். எழுந்து நின்றதைச் சொன்னாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை நடந்ததையும், குல்லாவையும், கிளினிக்கையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வண்டலூர் தாண்டும்வரை அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் போன் என் கைக்கு வந்தது.

"இனிமே போறதுன்னா என்கிட்டயும் சொல்லுங்க சம்பந்தி" என்றார்கள். "நானும் வரேன். நீங்க ஒரு மணி நேரம், நான் ஒரு மணி நேரம்னு மாத்தி மாத்திக் குழந்தையைப் பாத்துக்கலாம். அந்தக் குல்லாவை மட்டும் வீட்லயே வெச்சுட்டு வந்துடுங்க."